அர்ச்சுனன் போய்ச் சேர்ந்த வீடு

ஏழு மணி. லாபுப் பக்கம் தார்ச்சடக்கு முடிந்து தோட்டத்துச் செம்மண் சடக்கு தொடங்குகிற இடம். இரண்டு பக்கமும் செம்பனை. மேலே ஓலை கூடிக்கொள்வதால் அங்கே மட்டும் பொழுது முன்னாடியே சாய்ந்துவிடும். ஒரு மோட்டார் சைக்கிள் தனியாகப் போகிறது... ஓட்டுகிறவன் சட்டைக்குள்ளே, வயிற்றோடு ஒட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சின்ன இரும்புப் பெட்டி. மழை வரும்போல் இருந்தது. அது நனைந்தால் கெட்டுவிடும்.

அவன் பெயர் திருநாவுக்கரசு. என் கூட்டாளி ஆறுமுகத்தின் அக்காள் மகன். அரசு என்று கூப்பிடுவோம். நடந்தது தொண்ணூற்றொன்பதில்.

"பெருசு, போன தடவ ஆத்தங்கரையில பேய்ன்னீங்க. கடைசியில அது ஆறுமுகம் வூட்டு மாடு," என்றாள் கதை கேட்க உட்கார்ந்திருந்த ராக்கம்மா.

"இது மாடு இல்ல. கொசுவத்திய அந்தாண்ட தள்ளிட்டுக் கிட்ட வா."

நான் சாமியாடியை நம்பமாட்டேன், டாக்டரை நம்பமாட்டேன். கம்ப்யூட்டரைக் கேட்கவே வேண்டாம். பாதியை அரசு சொன்னபடி சொல்கிறேன். மீதியை நானே பார்த்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அரசுவும் அர்ச்சுனனும் செனாவாங்கில் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். அர்ச்சுனன் மயிலம்மாளின் ஒரே மகன். கம்ப்யூட்டர் கிறுக்கு. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம், கம்ப்யூட்டரை ஓட்டி வைக்கிற சங்கதி. தன் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அதைப் போட்டான். அரசு வீட்டுப் பெட்டிக்கும் அவனே வந்து போட்டுக் கொடுத்தான். பெட்டிக்குள்ளே டிஸ்க் என்று ஒன்று சுற்றும். சேர்த்து வைத்ததெல்லாம் அதில்தான் கிடக்கும். அந்த டிஸ்க்குக்கு ஒரு பெயர் வைக்கலாம். பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டால் அது முதலில் அந்தப் பெயரைத்தான் தேடும். கிடைத்தால் அங்கே போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கும். அர்ச்சுனன் தான் தொட்ட டிஸ்க்குக்கெல்லாம் தன் பெயரையே வைத்தான். கேட்டால், "நாலு வீட்டுல என் பேரு இருக்கட்டும் லா" என்பானாம்.

இன்னொரு சேட்டையும் செய்து வைத்திருந்தான். தன் வீட்டுப் பெட்டியில் மட்டும், ஓடத் தொடங்கியதும் அவன் குரல் வரும். "அம்மா... வந்துட்டேன். சோத்தப் போடு." வேலை விட்டு வந்ததும் அவன் வாசலில் நின்று சொல்கிற அதே சொல். மயிலம்மாள் அடுப்படியிலிருந்து, "ஒருத்தனுக்கே ஆக்கிப் போட முடியல, இன்னொருத்தன் வேறயா" என்று திட்டுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ஒரு மழை நாள். அர்ச்சுனன் ஷிப்ட் முடிந்து வருகையில் தோட்டத்துப் பாலத்தில் மோட்டார் சறுக்கியது. விடிந்து செம்பனைக் குலை வெட்டப் போனவர்கள்தான் பார்த்தார்கள். ரெயின்கோட்டு போட்டபடியே தண்ணீரில் கிடந்தான்...

அதற்குப் பிறகு மயிலம்மாள் தினமும் விளக்கு வைத்ததும் பெட்டியைத் தட்டிவிடுவாள். குரல் வரும். தட்டில் சோறு போட்டு அதன் முன்னால் வைப்பாள். லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவள்.

பிறகு டிஸ்க் பழுதாகத் தொடங்கியது. சில நாள் குரல் வரவில்லை. அவள் பஸ் ஏறி செனாவாங்குக்கு வந்து, தொழிற்சாலை வாசலில் காத்து நின்று, அரசுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் அன்றைக்கு அந்தச் சடக்கில் அவன். சட்டைக்குள்ளே இருந்தது புது டிஸ்க்.

"வாய்யா அரசு. பசியாறினியா?"

"ஆச்சு பெரிம்மா."

"பொய் சொல்லாத. காஞ்ச கருவாடு மாதிரி இருக்க. வூட்டுல வள்ளி சோறே போடறதில்லயா?"

"போடறா. இறங்க மாட்டேங்குது."

"அவனும் அப்படித்தான். எலும்பன்." சொல்லிவிட்டு மேசையில் மூடியிருந்த துணியை எடுத்தாள். "மொதல்ல நீயே கேளு. அப்புறம் கை வை."

தட்டிவிட்டாள். காற்றாடி ஊம் என்றது. டிஸ்க் சுற்றியது... டக். டக் டக். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரி. வெள்ளை எழுத்து வரிவரியாக ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. கடைசியில் சின்ன ஸ்பீக்கரிலிருந்து...

"அம்மா... வந்துட்டேன். சோத்தப் போடு."

 அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். பேசாதே என்று கை காட்டினாள்.  நனைந்த ரெயின்கோட்டு வாடை ஒன்று வந்தது. தன் மேலிருந்துதான் என்று அரசு நினைத்தான். வழியில் மழை பெய்யவில்லை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. பிறகு அவள் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். "இப்பப் பாருய்யா ஒன் வேலைய."

அரசு பெட்டியைத் திறந்தான். புது டிஸ்க்கையும் கூடவே மாட்டி, பழையதில் உள்ளதை ஒன்று விடாமல் அப்படியே புதியதில் இறக்கினான். நேரம் பிடித்தது. தகரத்தில் மழை இறங்கியது. அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

"வலிக்குமாய்யா அவனுக்கு?"

"இரும்பு பெரிம்மா இது."

"ஆமா... இரும்புதான்."

வேலை முடிந்தது. பழையதைக் கழற்றப் போனான். அவள் விடவில்லை. பழசும் உள்ளேயே இருக்கட்டும், அது பாட்டுக்கு ஒரு ஓரமாக இருக்கட்டும் என்றாள். சரியென்று இரண்டையும் வைத்தே தட்டிவிட்டான்.

நின்றுவிட்டது. குரலும் இல்லை, ஒன்றும் இல்லை. கறுப்புத் திரையில் பாதி எழுத்து.

ஒயர் சரியில்லையோ என்று பிடுங்கி மாற்றினான். மறுபடி நின்றது. டிஸ்க்கின் முதுகில் ஒரு குட்டி ஊசி இருக்குமாம், எது முதல் எது இரண்டாவது என்று சொல்கிற ஊசி, அதை மாற்றிக் குத்தினான். நின்றது. புதியதை மட்டும் வைத்தான்... எழுத்து கடகடவென்று ஏறியது. அணைத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்தான். திணறித் திணறி அதுவும் ஏறியது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் நிற்கிறது. அப்போதுதான் திரையை ஒழுங்காகப் படித்தான். இந்தப் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியே இறக்கியவன் பெயரையும் சேர்த்து இறக்கிவிட்டான்.

"ரெண்டும் நாந்தான் அர்ச்சுனன்னு சொல்லுது பெரிம்மா. எவங்கிட்டப் போறதுன்னு தெரியாம பெட்டி நிக்குது. பழசுல பேர மட்டும் மாத்திட்டா போதும். ஒரு வரி அடிச்சா முடிஞ்சிரும்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"வருஷம் திரும்பலய்யா."

அரசு கையை எடுத்துக்கொண்டான். அவனும் தோட்டத்தில் பிறந்தவன்தான். எங்கள் பக்கம் செத்தவனுக்கு வருஷம் திரும்புகிறவரைக்கும் பெயர் சொல்லித்தான் படைப்போம். பெயர் சொன்னால்தான் சோறு போய்ச் சேரும். பெயர் இல்லாதவனுக்குப் படைத்தால் சடக்கில் போகிறதெல்லாம் வந்து தின்றுவிட்டுப் போகும். இதெல்லாம் சும்மா என்று சொல்கிறவன்கூடத் தன் வீட்டில் மாற்றிச் செய்யமாட்டான்.

"எதுலயும் பேர அழிக்காத. பெத்தவ நான் அத அழின்னு சொல்லணுமா?"

"சொல்ல வேணாம் பெரிம்மா. நான் தொடல." அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அப்படியென்றால் ஒன்று வெளியே வரவேண்டும். பழையதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்துத் தட்டினான். டக் டக் இல்லை, திணறல் இல்லை. சுத்தமாக வந்தது குரல்.

"அம்மா... வந்துட்டேன். சோத்தப் போடு."

அரசு திரும்பிப் பார்த்தான். அவள் தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள்.

"கொரலு வந்துருச்சு," என்றாள். "அவன் வரல."

"என்ன பெரிம்மா சொல்றீங்க?"

அவள் அடுப்படிக்குப் போய் முதலில் எடுத்துவைத்த தட்டைக் கொண்டுவந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இப்போது வைத்ததில் சோறு கரண்டியில் கவிழ்த்த மாதிரியே குவிந்திருந்தது. முன்னே வைத்ததில் நடுவில் ஒரு குழி. கட்டைவிரலால் அழுத்திச் சுழற்றிய குழி. குழம்பு அதில் தேங்கி நின்றது.

அந்தக் குழி அரசுவுக்குத் தெரியும். கேன்டீனில் அர்ச்சுனன் சோற்றில் கை வைத்ததும் முதலில் செய்வது அதுதான். கெணறு வெட்டுறான்டா என்று கேலி செய்வார்கள்.

"நான் கை வெக்கல," என்றாள் மயிலம்மாள். "தெனமும் அவந்தான்."

அரசு நம்பவில்லை. துக்கம், கை தானாகச் செய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். ஆனால் அவள் விடவில்லை. பழசையே மாட்டு, எத்தனை நாள் ஓடுதோ ஓடட்டும் என்றாள். மாட்டினான். டக்... டக்... அவ்வளவுதான். சுற்றவே இல்லை.

"ஐஸ் பொட்டியில வச்சு எடுத்தா சில சமயம் ஓடும் பெரிம்மா. வீட்டுல ஐஸ் பொட்டி இருக்கு. ரெண்டே நாளு. ஓட வச்சிக் கொண்டாறேன்."

அவள் தன் துண்டில் அந்த டிஸ்க்கைச் சுற்றினாள். ஒரு தடவை சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினாள். பிள்ளையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

மழை விட்டிருந்தது. பாலம் தாண்டும்போது மோட்டாரின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது... யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. காற்று குறைந்திருக்கும் என்று இறங்கி அழுத்திப் பார்த்தான். டயர் கல்லு மாதிரி இருந்தது. செனாவாங் போகும்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவன் மனைவி வள்ளிநாயகி கத்தினாள். "மீனுக்குப் பக்கத்துல என்னங்க இது, இரும்புச் சாமான வச்சிருக்கீங்க?"

"அர்ச்சுனனோடது. இருக்கட்டும் வள்ளி."

அவள் மீனைக் கீழ்த் தட்டுக்கு மாற்றினாள்.

அன்று வேலை விட்டு வந்து டிஸ்க்கை எடுத்தான். சில்லென்று புகைந்தது. தன் பெட்டியைத் திறந்து, தன் டிஸ்க்குக்குப் பக்கத்தில் மாட்டினான். தன்னுடையதற்கும் அதே பெயர்தான், இரண்டும் முட்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. பழையதில் பெயரைத் தொடமாட்டேன் என்று சத்தியம். தன்னுடையதில் மாற்றியிருக்கலாம். அந்தப் பெயரையும் அர்ச்சுனன்தான் இதே நாற்காலியில் உட்கார்ந்து வைத்துவிட்டுப் போனான். மனசு வரவில்லை. நின்றால் நிற்கட்டும், வேறு வழியில் திறந்துகொள்ளலாம் என்று தட்டிவிட்டான்.

நிற்கவில்லை.

நேற்று அந்தப் பெட்டி நின்றது, இதுவும் நின்றிருக்க வேண்டும். ஏன் நிற்கவில்லை என்று அவனால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. எழுத்து தடையில்லாமல் ஏறியது. அவன் வீட்டு ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"அம்மா... வந்துட்டேன். சோத்தப் போடு."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசுவுக்கும் வள்ளிக்கும் பிள்ளை இல்லை. வேண்டாத கோயில் இல்லை. அம்மா என்கிற வார்த்தையை அந்த வீட்டுக்குள் யாரும் அதுவரை சொன்னதில்லை. வள்ளி அடுப்படியில் இருந்தாள். சோறு என்று ஒரு குரல் கேட்டால் எங்கள் பெண்கள் யார் என்று பார்க்கமாட்டார்கள், தட்டைத்தான் எடுப்பார்கள். அவளும் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த பிறகுதான், "யாருங்க வந்திருக்கா?" என்றாள்.

நனைந்த ரெயின்கோட்டு வாடை வீடு முழுக்க...

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோறு நடுவில் மெல்ல அமுங்கியது.

அரசு பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான். டிஸ்க் ஒரு தடவை கீச்சென்றது. செத்தது. அதற்குப் பிறகு ஐஸில் வைத்தும் பார்த்தான், தட்டியும் பார்த்தான். அசையவில்லை.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். பெட்டி அணைந்திருந்தது. ஒயர் தரையில் கிடந்தது.

"அம்மா... வந்துட்டேன்."

அரசு வெளியே ஓடிவந்து மதில் மேல் உட்கார்ந்துவிட்டான். வள்ளி ஓடவில்லை. அவள் சோறு போட்டாள்.

ஆறுமுகம் என்னிடம் வந்து சொன்னான். என்னிடம் ஒரு பழைய வேன் இருந்தது. எதையும் நம்பாதவன் என்கிற பெயரும் இருந்தது. இரண்டும் அவனுக்குத் தேவைப்பட்டன. "நீ வந்து பாருய்யா. திருட்டுத்தனமா இருந்தா ஒனக்குத் தெரியும்," என்றான்.

லாபுக்குப் போய் மயிலம்மாளை ஏற்றினோம். தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். நெத்திலிக் குழம்பு வாசம். வழியில் அழவில்லை. "பையன் வேற வீட்டுல போயி ஒக்காந்துகிட்டான் பாருங்கண்ணே," என்றாள். "என்னப் பாத்தா எந்திரிச்சு வந்துருவான். சின்ன வயசுல வெளையாடப் போனா அப்படித்தான், நான் போயி நின்னாத்தான் வருவான்." மகனைக் கூட்டிவர வேனில் போகிற தாய்.  நான் கியரை மாற்றினேன்.

செனாவாங் வீட்டில் முதலில் நான்தான் நுழைந்தேன். மேசைக்கு அடியில் பார்த்தேன். ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்தேன், ஒயரே இல்லை. அலமாரிக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, கூரைப் பலகைக்கு மேலே... டேப் ரெக்கார்டர், ரேடியோ, ஒரு எழவும் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆள் இல்லை.

வள்ளி எங்களோடு அதிகம் பேசவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மயிலம்மாள் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மங்குத் தட்டில் சோறு போட்டாள். மகன் பெயரைச் சொல்லிப் படைத்தாள். வள்ளி அடுப்படியிலிருந்து இன்னொரு தட்டைக் கொண்டுவந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகக் கொண்டுவந்தாள். இரண்டு தட்டும் மேசையில், பக்கத்தில் பக்கத்தில். ஆறுமுகம் விளக்கைப் போடப் போனான், நான் கையைப் பிடித்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. எல்லாம் தெரிந்தது.

வாடை முதலில் வந்தது. பிறகு குரல். ஸ்பீக்கரிலிருந்து இல்லை. வாசற்படிக்கு உள்ளே, ஆள் உயரத்தில்...

"அம்மா... வந்துட்டேன். சோத்தப் போடு."

"இங்கதாண்டா இருக்கேன்," என்றாள் மயிலம்மாள். "அம்மா இங்கருக்கேன். வா, நம்ம வூட்டுக்குப் போவோம்."

நாற்காலி லேசாக முனகியது.

மங்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு குவிந்தது குவிந்தபடி இருந்தது. ஒரு பருக்கை அசையவில்லை. பக்கத்துத் தட்டில், வள்ளி வைத்த தட்டில், நடுவில் குழி விழுந்தது. வட்டமாக, நிதானமாக, பசியோடு வந்தவன் செய்கிற மாதிரி.

மயிலம்மாள் வெகுநேரம் அதைப் பார்த்தாள்.  பிறகு தன் தட்டை எடுத்தாள். சோற்றைத் தூக்குச் சட்டியில் திருப்பிப் போட்டாள். ஒரு பருக்கை கீழே விழுந்தது, அதையும் பொறுக்கினாள்.

"புளி கம்மியா ஊத்து தாயி," என்றாள் வள்ளியிடம். "அவனுக்கு வயிறு ஆகாது."

வள்ளி தலையாட்டினாள். கண் மேசை மேலேயே இருந்தது.

அரசு அழுதுவிட்டான். "பெரிம்மா, பெட்டிய ஒடச்சிர்றேன். என் டிஸ்க்குலயும் பேர அழிச்சிர்றேன். எல்லாத்தயும் அழிச்சிர்றேன். அப்ப அங்க வந்துருவான்."

"வேணாம்யா. அப்புறம் எங்கயும் போவ வழி தெரியாம நிப்பான். சாப்புடறான்ல... சாப்புடட்டும்."

நாங்கள் வெளியே வந்தோம். நான் வேன் கதவைத் திறந்து நின்றேன். மயிலம்மாள் வாசலில் செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டாள். மற்றதை மாட்டவில்லை. திரும்பி, உள்ளே பார்த்து, கடைசியாக ஒருமுறை கூப்பிட்டாள்.

"அர்ச்சுனா..."

உள்ளே சாப்பிடுகிற சத்தம் நின்றது.

அவன் அந்தப் பெட்டியில் சொல்லி வைத்தது ஒரே ஒரு வார்த்தைதான். வந்துட்டேன், சோத்தப் போடு. அவ்வளவுதான். வேறு எதையும் அவன் பேசி வைக்கவில்லை. அரசு சத்தியம் செய்வான். ஆனால் நான் கேட்டேன். ஆறுமுகம் கேட்டான். ஒரு காலில் செருப்போடு நின்ற அவளும் கேட்டாள்.

"அம்மா... வாசல்ல யாரு?"

வள்ளி சொன்னாள்:

"யாருமில்லப்பா. நீ சாப்புடு."